நகர் முழுதுமா, வட்டாரந்தோறுமா?

மக்களாட்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் வாக்குரிமையே நம் நினைவுக்கு வருகின்றது. வாக்குச் சீட்டு ஒருவன் கைக்கு வந்துவிட்டால் ஆட்சியில் அவனுக்குப் பங்கும் வந்துவிட்டது என்று கருதுகின்றோம். ஆனால் வாக்கு இருந்தும் பங்கு இல்லாமற் போதல் உண்டு. எவரோடு எவரைச் சேர்த்து எண்ணுவது என்னும் விதியொன்று, தேர்தல் நாளுக்கு நெடுநாள் முன்பே, வாக்குப் பெட்டிக்கு வெளியே வகுக்கப்பட்டுவிடுகின்றது. அவ்விதி மாறுமாயின், வாக்காளருள் ஒருவரேனும் தம் மனத்தை மாற்றிக்கொள்ளாதிருக்கவும், வெற்றி தோல்விகள் மாறிவிடும். இவ்வுண்மையை, அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் அலபாமா மாநிலத்தின்கண் உள்ள மோபீல் என்னும் துறைமுக நகரத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைத் தேர்தல்

நகர மன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் பல. அவற்றுள் பெருவழக்காயுள்ளவை இரண்டு. முதலாவது, நகர் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு, ஒவ்வோர் உறுப்பினரையும் நகரத்து வாக்காளர் அனைவரும் கூடித் தேர்ந்தெடுத்தல். இதனை முழுநகர் முறை என்போம். இரண்டாவது, நகரை ஏறக்குறைய ஒத்த மக்கள் தொகையுள்ள வட்டாரங்களாகப் பகுத்து, வட்டாரத்துக்கு ஒருவராக, அவ்வவ் வட்டாரத்தார் மட்டும் தேர்ந்தெடுத்தல். இதனை வட்டார முறை என்போம். நம் நாட்டு நகராட்சிகளில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்பது பழகிய வழக்கமாதலின், முன்னது நமக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். அமெரிக்காவிலோ இருபதாம் நூற்றாண்டில் மிகப் பல நகரங்கள் முழுநகர் முறையையே கையாண்டன. 1970-க்குப் பின்னர் அவற்றுள் பல வட்டார முறைக்கு மாறின. அம்மாற்றம் ஏன் வேண்டப்பட்டது என்பதே நாம் அறிய வேண்டுவது.

ஒரு சிறு கணக்கு

இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கணக்கினால் எளிதில் விளங்கும். ஒரு நகரத்தில் 700 வாக்காளர் உள்ளனர் என்றும், அதன் மன்றத்தில் 7 இருக்கைகள் உள்ளன என்றும் கொள்வோம். வாக்காளருள் 450 பேர் ஒரு சாரார். 250 பேர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் மனிதருக்கே வாக்களிப்பர் என்றும் வைத்துக்கொள்வோம். முழுநகர் முறையில் முதல் இருக்கைக்குப் போட்டி நடக்கின்றது. 450 வாக்குப் பெற்றவர் வெல்கின்றார்; 250 வாக்குப் பெற்றவர் தோற்கின்றார். இரண்டாம் இருக்கைக்கும் அதுவே முடிவு. ஏழாம் இருக்கைக்கும் அதுவே முடிவு. நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு மேலாக உள்ள ஒரு சாரார்க்கு ஏழில் ஒன்றேனும் கிட்டவில்லை. அவர்கள் வாக்களிப்பதை எவரும் தடுக்கவில்லை, சீட்டுகளைத் திருடவுமில்லை, எண்ணியதிலும் பிழையில்லை. ஆயினும் பயன் ஒன்றுமில்லை.

அந்நகரையே இப்பொழுது நூறு நூறு வாக்காளர் கொண்ட 7 வட்டாரங்களாகப் பகுப்போம். சிறுபான்மையார் நகரின் ஒரு பக்கத்தில் நெருங்கி வாழ்கின்றனர். அதனால் இரண்டு வட்டாரங்களில் 85 பேராகவும், ஒரு வட்டாரத்தில் 60 பேராகவும், எஞ்சிய நான்கில் ஐந்து ஐந்து பேராகவும் அமைகின்றனர். இப்பொழுது மூன்று வட்டாரங்களில் அவர்கள் விரும்பியவர் வெல்வர்; மற்ற நான்கில் பெரும்பான்மையார் விரும்பியவர் வெல்வர். மன்றத்தில் இன்னும் பெரும்பான்மையாரே மிகுதி. ஆனால் சிறுபான்மையார் குரல் அங்கே முதன்முறையாகக் கேட்கின்றது.

இக்கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. எல்லைக் கோடு வரைபவர், நகரின் நடுவிலிருந்து விளிம்புவரை ஆரக்கால் போலக் கோடுகளை நீட்டி, அந்த 250 பேரை ஐந்து வட்டாரங்களில் 36 பேராகவும் இரண்டில் 35 பேராகவும் சிதறடித்துவிடலாம். அப்பொழுது வட்டார முறையிலும் அவர்களுக்கு ஓர் இருக்கையும் கிட்டாது. எவரும் வீடு மாறவில்லை, எவரும் மனம் மாறவில்லை, கோடுகளே மாறின. இனி, அச்சிறுபான்மையார் ஒருங்கே வாழாது நகர் முழுவதும் பரந்து வாழ்வாராயின், எத்துணை நேர்மையாகக் கோடு வரைந்தாலும் பயன் விளையாது. ஆகவே வட்டார முறை தன்னளவில் நீதி செய்துவிடுவதன்று. நீதிக்கு இடங்கொடுப்பது மட்டுமே என்பதை இப்பொழுதே மனத்திற் கொள்ளுதல் நலம்.

முழுநகர் முறையிலும் சிறுபான்மையார்க்கு ஒரு சிறு வழி உண்டு. இருக்கைகளைத் தனித்தனியே பிரிக்காமல், போட்டியிட்ட அனைவருள்ளும் மிகுதியான வாக்குப் பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாயின், வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் ஏழு வாக்குகள் உண்டு. சிறுபான்மையார் தம் ஏழு வாக்குகளுள் ஒன்றை மட்டும் தம் மனிதர் ஒருவர்க்கு இட்டு, மற்ற ஆறையும் இடாது விட்டுவிடுவர். பெரும்பான்மையார் வாக்குகள் பலரிடையே சிதறுமாயின், அந்த ஒருவர் எழுவருள் ஒருவராக நுழைந்துவிடுவார். இவ்வழியையும் அடைத்துவிடுவதற்கு ஒரு விதி உண்டு. ஒவ்வோர் இருக்கைக்கும் எண்ணிட்டு, வேட்பாளர் இன்ன எண்ணுள்ள இருக்கைக்கே போட்டியிட வேண்டும் என்றும், பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெற்றாலன்றி வெல்ல முடியாது என்றும் வகுத்துவிட்டால், ஒவ்வோர் இருக்கையும் ஒருவர்க்கு எதிராக ஒருவர் நிற்கும் தனிப் போட்டியாகிவிடும். டெக்ஸாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் 1951-ஆம் ஆண்டு ஆர்தர் டிவிட்டி என்னும் கறுப்பினத் தலைவர் நகர மன்றத் தேர்தலில் வெற்றிக்கு அண்மையில் வந்தார். 1953-இல் அந்நகரம் எண்ணிட்ட இருக்கை முறைக்கு மாறியது. இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

முழுநகர் முறை தோன்றிய வரலாறு

இங்ஙனம் கூறுவதனால் முழுநகர் முறையைக் கண்டவர் அனைவரும் தீய நோக்கம் உடையவர் என்று முடிவு செய்தல் தகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெருநகரங்களில் வட்டாரத் தலைவர்கள் சிற்றரசர் போல் விளங்கினர். வேலை வேண்டியவர்க்கு வேலையும், ஒப்பந்தம் வேண்டியவர்க்கு ஒப்பந்தமும் அளித்து வாக்குகளைத் தொகுத்துக்கொண்டனர். உன் தெருவுக்கு நான் கை தூக்குகின்றேன், என் தெருவுக்கு நீ கை தூக்கு என்னும் பண்டமாற்றே மன்றத்தின் தொழிலாயிற்று. நகர் முழுவதற்கும் பொதுவாகிய நீர், வடிகால், சுகாதாரம் ஆகியவற்றைப் பேணுவார் அரியராயினர்.

1900-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் டெக்ஸாஸின் கால்வெஸ்டன் என்னும் தீவு நகரைப் பெரும்புயல் தாக்கியது. ஆறாயிரத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். அழிந்த நகரை மீண்டும் எடுத்துக் கட்டுதற்கு, 1901-இல் கமிஷனர் ஐவர் கொண்ட ஒரு சிறு குழுவினிடம் ஆட்சி ஒப்புவிக்கப்பட்டது. அது விரைந்து செயலாற்றியதைக் கண்டு பிற நகரங்களும் கமிஷன் ஆட்சியை மேற்கொண்டன. 1907-இல் அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரம் அதனைத் தழுவிய பின்னர் அது நாடெங்கும் பரவியது. கமிஷனர்களை நகர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதே அம்முறையின் இயல்பு. நகர் முழுவதற்கும் கடமைப்பட்டவனே நகர் முழுவதையும் எண்ணுவான் என்பது சீர்திருத்தக்காரர் கொள்கை. இக்கொள்கையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், நகர் முழுவதும் என்ற சொல்லில் எவரெவர் அடங்குவர் என்பதை அவர்களுட் பலர் வினவினாரல்லர்.

மோபீல் நகரம்

மோபீல் 1911-ஆம் ஆண்டில் கமிஷன் ஆட்சியை மேற்கொண்டது. கமிஷனர் மூவர், மூவரையும் நகர் முழுவதும் தேர்ந்தெடுத்தது, மூவர் பதவிக்கும் தனித்தனி எண் உண்டு, வெல்லுதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும். மேலே நாம் கண்ட அடைப்புகள் அனைத்தும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன. 1970-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி அந்நகரில் ஏறக்குறைய 1,90,000 மக்கள் வாழ்ந்தனர். அவருள் நூற்றுக்கு 35 பேர் கறுப்பினத்தவர். எனினும் 1911 தொடங்கி 1985 வரை, எழுபத்து நான்கு ஆண்டுகளில், அவ்வினத்தார் ஒருவரேனும் கமிஷனராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இதன் முற்பகுதிக்குக் காரணம் வெளிப்படை. 1901-ஆம் ஆண்டு அலபாமா அரசியற் சட்டம் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் விதித்துக் கறுப்பின மக்களைப் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னர் அத்தடைகள் நீங்கின. மோபீலின் கறுப்பின மக்கள் தடையின்றிப் பெயர் பதிந்துகொண்டு வாக்களித்தனர். ஆயினும் முடிவு மாறவில்லை. முதலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. பின்னர் வாக்கு இருந்தது, அதற்கு எடை இல்லை.

முழுநகர் முறையிலும் சிறுபான்மையார் செல்வாக்குப் பெறலாம் என்று சொல்வார் உண்டு. அவர்கள் காட்டும் சான்றும் மோபீலிலேயே உண்டு. ஜோசப் லாங்கன் என்னும் வெள்ளையர் 1953 முதல் 1969 வரை கமிஷனராயிருந்தார். இன ஒற்றுமையை நாடிய அவருக்குக் கறுப்பின மக்களின் வாக்குகள் பெருந்துணையாயின. ஆனால் 1969-இல் கறுப்பினத்தாருள் ஒரு பகுதியார் தேர்தலைப் புறக்கணித்தனர், லாங்கன் தோற்றார். இதிலிருந்து அறியத்தக்கது யாது? சிறுபான்மையார் ஆதரவு ஒருவரை உயர்த்தவும் அவர் வீழ்ச்சிக்கு வழிவிடவும் கூடும் என்பது மெய். ஆனால், பிறர் நிறுத்தும் இருவருள் நல்லவரைத் தேர்தல் வேறு. தம்முள் ஒருவரைத் தாமே நிறுத்தி வெல்லச் செய்தல் வேறு. முன்னது நிழலில் நிற்கும் உரிமை. பின்னது மரம் நடும் உரிமை.

வழக்கும் தீர்ப்பும்

1975-ஆம் ஆண்டு வைலி போல்டன் என்பவரும் வேறு சிலரும், மோபீலின் கறுப்பின மக்கள் அனைவர் சார்பிலும், நகரத்தின் மேல் வழக்குத் தொடுத்தனர். முழுநகர்த் தேர்தல் தம் வாக்கின் வலிமையைக் கரைத்துவிடுகின்றது என்பது அவர்கள் முறையீடு. நகர வேலைகளில் தம்மவர் அமர்த்தப்படுவதிலும், நகரப் பணிகள் தம் பகுதிகளுக்குக் கிட்டுவதிலும் வேற்றுமை காட்டப்பட்டது என்பதும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. 1976-இல் கூட்டரசு நீதிபதி வர்ஜில் பிட்மன் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். கமிஷன் ஆட்சியை நீக்கி, மேயரையும் வட்டார உறுப்பினரையும் கொண்ட மன்றம் அமைக்க வேண்டும் என்றார். மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

ஆனால் 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நீதிபதி ஸ்டூவர்ட் எழுதிய உரையின் சாரம் இது: ஒரு தேர்தல் முறையினால் ஒரு சாரார் தோற்றுக்கொண்டே இருக்கின்றனர் என்று காட்டுவது போதாது, அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு அம்முறை வகுக்கப்பட்டது, அல்லது காக்கப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவராகிய தர்குட் மார்ஷல் நெடிய மறுப்புரை எழுதினார். நீதிபதிகளிடையேயும் கருத்தொற்றுமை இல்லாத வழக்கு அது.

இத்தீர்ப்பின் கடுமையை நாம் உணர வேண்டும். சட்டம் செய்தவர் இறந்து பல்லாண்டுகள் ஆயின. அவர் நெஞ்சில் இருந்ததை இன்று எவர் காட்டுவார்? தீய நோக்கம் உடையவன் தன் நோக்கத்தை ஏட்டில் எழுதிவைப்பானா? அன்றியும், நகரத்தின் சார்பில் ஒரு வாதம் வலிமையோடு நின்றது. 1911-இல் கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் வாக்கே இல்லை. இல்லாத வாக்கைக் கரைப்பதற்கு ஒருவர் சட்டம் செய்வாரோ என்பதே அவ்வாதம்.

பழங்கடிதம் ஒன்று

வழக்கு மீண்டும் நீதிபதி பிட்மனிடம் வந்தது. இம்முறை வழக்கறிஞரோடு வரலாற்றறிஞரும் துணை நின்றனர். பழைய சட்டங்கள், செய்தித்தாள்கள், சட்டசபை ஏடுகள் ஆகியவை துருவி ஆராயப்பட்டன. 1870-ஆம் ஆண்டுகளிலேயே, அதாவது விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, மோபீலில் முழுநகர்த் தேர்தல் புகுத்தப்பட்டது தெரியவந்தது. எனவே 1911-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே முளைத்ததன்று. நீண்ட கொடியின் ஒரு கணுவே.

அவ்வாராய்ச்சியிற் கிடைத்தவற்றுள் சிறந்தது ஒரு கடிதம். மோபீல் வழக்கறிஞரும் ஒரு காலத்தில் நாட்டின் காங்கிரஸ் சபையில் உறுப்பினராயிருந்தவருமாகிய ஃபிரெடரிக் பிராம்பர்க் என்பவர் 1909-இல் அலபாமா சட்டசபைக்கு அதனை எழுதினார். கல்லாதவர் வாக்கை விலக்குவதே தம் நோக்கம் என்று தம்மவர் நெடுங்காலமாகப் பாசாங்கு செய்துவந்தனர் என்றும், உண்மையில் விலக்க விரும்பியது கறுப்பின மக்களின் வாக்கையே என்றும் அவர் அதில் ஒளிவின்றிக் குறித்திருந்தார். கறுப்பினத்தார் பதவி வகிக்கவும் இடமிருத்தல் கூடாது என்பது அவர் வேண்டுகோள். ஏட்டில் எழுதிவைப்பானா என்று மேலே கேட்டோம். எழுதியே வைத்திருந்தான் ஒருவன். தன்னை எவரும் வினவப் போவதில்லை என்ற துணிவே அவனை எழுதச் செய்தது போலும்.

1982-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நீதிபதி பிட்மன், மோபீலின் தேர்தல் முறைக்குப் பின்னால் இனவேற்றுமை நோக்கம் இருந்தது என்று முடிவு செய்தார். பழைய ஏடுகளைப் படிப்பதனால் இக்காலத்துக்கு யாது பயன் என்று கேட்பார்க்கு இஃது ஒரு விடையாகும். எழுபத்து மூன்று ஆண்டுகள் பழைமையான ஒரு தாள், உயிரோடிருந்த பல்லாயிரம் மக்களின் உரிமைக்குச் சான்று பகர்ந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள், காங்கிரஸ் நிறைவேற்றிய வாக்குரிமைச் சட்டத் திருத்தத்தில் குடியரசுத் தலைவர் ரீகன் கையொப்பமிட்டார். நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை, விளைவைக் காட்டினாற் போதும் என்று அத்திருத்தம் வகுத்தது. எனினும், மக்கள் தொகையில் எத்துணைப் பங்கோ அத்துணை இருக்கைகளைப் பெறும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதையும் அதுவே தெளிவாக உரைத்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியை 1986-இல் உச்ச நீதிமன்றம் மூன்று வினாக்களாக அமைத்தது. சிறுபான்மையார் ஒரு வட்டாரத்திற் பெரும்பான்மையாகும் அளவுக்குத் தொகையிற் பெரியராயும் நெருங்கி வாழ்பவராயும் உளரா? அவர்கள் ஒருமித்து வாக்களிக்கின்றனரா? பெரும்பான்மையாரும் ஒருமித்து நின்று அவர்கள் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்கின்றனரா? நாம் முன்பு போட்ட சிறு கணக்கினையே இம்மூன்று வினாக்களும் வேறு சொற்களாற் கூறுகின்றன என்பதைக் கூர்ந்து நோக்குவார் அறிவர்.

புதிய மன்றம்

1985-ஆம் ஆண்டு மோபீலுக்குப் புதிய சட்டம் வந்தது. நகர மக்களும் வாக்களித்து அதனை ஏற்றுக்கொண்டனர். கமிஷனர் மூவர் போயினர். மேயரை நகர் முழுவதும் தேர்ந்தெடுக்கும். மன்றத்து உறுப்பினர் எழுவரை ஏழு வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கும். அவ்வாண்டுத் தேர்தலில் கறுப்பினத்தார் மூவர் மன்றத்துள் நுழைந்தனர். எழுபத்து நான்கு ஆண்டு இயலாதிருந்தது ஒரே தேர்தலில் இயன்றது. மக்கள் அவரே; நகரமும் அதுவே.

ஆனால் அச்சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது. பலரும் அதனைக் கருதாது விடுவர். எனக்கோ அதுவே மணி போன்று தோன்றுகின்றது. எழுவர் மன்றத்தில் நால்வர் இசைந்தாற் பெரும்பான்மை என்பதே பொது வழக்கு. மோபீலிலோ மன்றம் ஒன்றைச் செய்வதற்கு ஐவர் இசைவு வேண்டும் என விதிக்கப்பட்டது. நால்வர் வெள்ளையர், மூவர் கறுப்பினத்தார் என்று அமைந்த அம்மன்றத்தில் இதன் பொருள் யாது? நால்வர் தம்முள் மட்டும் கூடி எதையும் முடித்துவிட இயலாது. மற்ற மூவருள் ஒருவரையேனும் இணங்கச் செய்ய வேண்டும். மூவரும் தனியே ஒன்றும் செய்ய இயலாது; அவர்கள் இருவரைத் தேட வேண்டும். ஒவ்வொரு சாராரும் மற்றவர் வாயிலுக்குச் சென்றே தீர வேண்டும்.

வட்டார முறையினர்க்கு எதிராகச் சொல்லப்படும் குற்றம், அது நகரைத் துண்டுகளாக்கி, ஒவ்வோர் உறுப்பினரையும் தம் தெருவுக்கு மட்டும் காவலராக்கிவிடும் என்பது. ஏழில் மூன்று இருக்கைகளைக் கொடுத்துவிட்டு நான்கு வாக்குகளால் ஆண்டிருந்தால், மூவரும் மன்றத்தில் அமர்ந்து தம் தோல்வியைத் தாமே பார்த்திருப்பர். முன்பு வெளியே தோற்றவர் இப்பொழுது உள்ளே தோற்றிருப்பர். ஐவர் விதி அவ்விரு குற்றங்களையும் ஓரளவு தடுத்தது. பின்னர் 2005-ஆம் ஆண்டு, நகர் முழுவதும் வாக்களித்த மேயர் தேர்தலில், சாம் ஜோன்ஸ் என்பவர் வென்று மோபீலின் முதற் கறுப்பின மேயரானார். வட்டாரங்களைப் பகுத்ததனால் நகரம் பிளவுபட்டுவிடும் என்று அஞ்சினவர்க்கு இஃது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

பிற நகரங்கள் கண்ட வழிகள்

எல்லா நகரங்களும் ஒரே வழியிற் சென்றனவல்ல. பாஸ்டன் நகர மக்கள் 1981-இல் மாற்றத்தை விரும்பி வாக்களித்தனர். 1983 முதல் அங்கே வட்டார உறுப்பினர் ஒன்பதின்மரும் முழுநகர் உறுப்பினர் நால்வரும் தேர்ந்தெடுக்கப்படலாயினர். டெட்ராய்ட் 2013-இலும் சியாட்டில் 2015-இலும் வட்டாரத்துக்கு எழுவர், நகர் முழுவதற்கும் இருவர் என்னும் கலப்பு முறையில் தேர்தல் நடத்தின. வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில் மக்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் லத்தீன் அமெரிக்க வழியினர். ஆயினும் அவருள் ஒருவரும் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படாதிருந்தனர். 2014-இல் நீதிமன்றம் முழுநகர் முறையைத் தள்ளியது. 2015-இல் நடந்த வட்டாரத் தேர்தலில் அவ்வினத்துப் பெண்மணிகள் மூவர் வென்றனர்.

கோடு வரைபவர் செய்யும் சூழ்ச்சியைத் தடுக்க ஆஸ்டின் ஒரு வழி கண்டது. அந்நகர மக்கள் 2012-இல் பத்து வட்டாரங்களையும் ஒரு முழுநகர் மேயரையும் கொண்ட முறையை ஏற்றுக்கொண்டனர். எல்லை வகுக்கும் பொறுப்பைப் பதவியிலிருப்பவரிடம் விடாமல், குடிமக்கள் பதினால்வர் கொண்ட தனிக் குழுவினிடம் ஒப்புவித்தனர். 2014-இல் முதல் தேர்தல் நடந்தது. அறுவடை செய்பவனே அளக்கும் மரக்காலையும் செய்தல் ஆகாது என்னும் நெறி இதில் அடங்கியுள்ளது.

சிதறி வாழும் சிறுபான்மையார்க்கு வட்டாரத்தாற் பயனில்லை என்று முன்னர்க் கண்டோம். அவர்க்கும் வழி உண்டு என்பதைச் சின்சினாட்டி காட்டியது. அந்நகரம் 1925 முதல் 1957 வரை ஒன்பது உறுப்பினரையும் நகர் முழுவதற்கும் சேர்த்தே தேர்ந்தெடுத்தது. ஆனால் வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்தி எழுத, அவ்வச் சாரார் தம் அளவுக்கு ஏற்ற இருக்கைகளைப் பெறும் வகையில் எண்ணியது. தியடோர் பெரி என்னும் கறுப்பின வழக்கறிஞர் அம்முறையில் மன்றம் புகுந்து துணை மேயர் நிலைக்கு உயர்ந்தார். அவர் மேயராகிவிடுவாரோ என்ற அச்சமும் சேர்ந்து, 1957-இல் அவ்வெண்ணும் முறை நீக்கப்பட்டது. நகர் முழுதும் என்பது அப்படியே நின்றது, எண்ணும் விதி மட்டும் மாறியது, பெரி தோற்றார். பின்னர் 1972-இல் அவர் மேயரானார். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து 1913 முதல் கமிஷன் ஆட்சியில் இருந்த நகரம். அதன் மக்கள் 2022-இல் அம்முறையை மாற்றினர். 2024 நவம்பரில் நான்கு வட்டாரங்களிலிருந்து மும்மூவராகப் பன்னிருவரை விருப்ப வரிசை முறையிலேயே தேர்ந்தெடுத்தனர். ஒரு வட்டாரத்தில் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட ஆதரவு உடையவர், எத்தெருவில் வாழ்ந்தாலும், ஓர் இருக்கை பெறுதல் இதனால் இயலும்.

முடிவு

மேற்கூறியவற்றால் விளங்குவன மூன்று. நகர் முழுவதும் ஒன்று என்னும் கொள்கை அழகியது; ஆனால் ஒரு சாரார் எந்நாளும் வெல்லவும் மற்றொரு சாரார் எந்நாளும் தோற்கவும் அமையுமாயின், ஒற்றுமை என்பது வென்றவர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயராகிவிடும். வட்டாரம் அதற்கு மருந்து; ஆனால் எல்லை வகுப்பவர் நேர்மையும், மக்கள் வாழும் இட அமைப்பும் பொருந்தினாலன்றி அம்மருந்து பயன் தராது. மூன்றாவது, மன்றத்தில் ஓர் இருக்கை கிட்டுவது தொடக்கமேயன்றி முடிவன்று. அவ்விருக்கையில் அமர்ந்தவரின் இசைவு மற்றவர்க்குத் தேவைப்படும்போதுதான் அவர் மெய்யாகவே உறுப்பினர் ஆகின்றார்.

வைலி போல்டனும் அவரோடு நின்றவர்களும் மோபீல் நகரை ஆளும் உரிமையைக் கேட்டாரல்லர்; ஆள்பவர் தம்மையும் கேட்டுத் துணிய வேண்டும் என்றே கேட்டனர். ஒரு நகரம் தன் மன்றத்தை எவ்வாறு அமைத்துக்கொள்ளினும், அக்கேள்விக்கு அது சொல்லும் விடையைக் கொண்டே அதன் தேர்தல் முறையை மதிப்பிடுதல் வேண்டும்.